தொங்கும்போது எடுத்த அளவு

பல் டாக்டர் எஞ்சினை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கினார். அது சட்டென்று மேலே வந்துவிட்டது. ஆறு சிலிண்டர் எஞ்சின் இப்படிப் பூப்போல வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஓரடி பின்னால் தள்ளாடி நின்றார்.

"இதுக்குள்ள என்னம்மா இருக்கு?"

"காத்து, டாக்டர். கீழ வைங்க, மூலை மடங்கிடும்."

குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை வெட்டி, ஒட்டி, மேலே சாம்பல் நிறத் தாள் சுற்றி அவள் செய்த எஞ்சின் அது. நிஜ எஞ்சின் பட்டறையின் பின்பக்கம் மரச்சட்டத்தின் மேல் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அதை அசைக்கச் சங்கிலிக் கப்பியும் மூன்று ஆட்களும் வேண்டும். ஒரு பழைய காருக்குள் வேறொரு எஞ்சினைப் பொருத்துவதற்கு முன்னால், எது எங்கே இடிக்கும், எது எதில் உரசும் என்று முப்பது தடவையாவது இறக்கிப் பார்க்க வேண்டும். முப்பது தடவை இரும்பை இறக்கினால் மனிதர்களுக்கு இடுப்பு போய்விடும். அட்டையை இறக்கினால் அவளுடைய முழங்கால் மட்டும்தான் போகும். அது ஏற்கெனவே போய்விட்டது.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. தையற்காரர்களைப் போலக் கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். பட்டறையில் டேப்பக்கா என்று கூப்பிட்டார்கள்.

அந்த டேப் பழைய வேலையிலிருந்து கூடவே வந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு வருஷம் மாதிரித் தாள் வெட்டினாள். ஒரு சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாவற்றையும் முதலில் தாளில் வெட்டிக்கொடுப்பவள் அவள். அந்தத் தாளை வைத்து ஆயிரக்கணக்கில் துணி வெட்டுவார்கள். ஒருநாள் காலை வேலைக்குப் போனபோது கேட்டில் பூட்டு. உள்ளே அவளுடைய கத்தரிக்கோல், மூக்குக் கண்ணாடி, கழுவாத சாப்பாட்டு டப்பா. வெளியே நூற்றுத் தொண்ணூறு பெண்கள் வெயிலில் நின்றார்கள். அதற்கு முந்தின நாள்வரை நிர்வாகம் என்பது மேஜையாக, மணியாக, அபராதமாக, கழிப்பறைக்குப் போனால் நேரம் குறிக்கும் சீட்டாக எங்கு திரும்பினாலும் இருந்தது. அன்றைக்கு மட்டும் அதற்கு ஆளும் இல்லை, முகவரியும் இல்லை. மதியம்வரை நின்றுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். கத்தரிக்கோல் இன்றுவரை வரவில்லை.

பட்டறைக்குச் சீட்டு தைக்கத்தான் வந்தாள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு எஞ்சின் மாற்றும் பட்டறை அது. முதலாளிக்குத் தன் கண்ணின் மேல் அபார நம்பிக்கை. "என் கண்ணே டேப்" என்பார். ஒருநாள் அந்தக் கண் பார்த்துச் சொன்ன அளவில் எஞ்சினைத் தாங்கும் இரும்புத் தட்டை மூன்று தடவை வெட்டியும் உட்காரவில்லை. ஓரமாகச் சீட்டு தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்துவந்து, ஒரு பழைய நாட்காட்டித் தாளை அந்த இடத்தில் வைத்து அழுத்தி, மடித்து, வெட்டிக்கொடுத்தாள். நான்காவது தட்டு முதல் தடவையிலேயே உட்கார்ந்தது. முதலாளி தட்டைப் பார்த்து, "நானும் இதைத்தான் நினைச்சேன்" என்றார். பதினோரு வருஷமாக அவர் நினைப்பதையெல்லாம் அவள்தான் அளந்து வெட்டுகிறாள்.

டாக்டரின் கார் இரண்டு பேர் உட்காரும் சின்னக் கார். முழங்கால் உயரமே உள்ள கதவு. நாற்பது வயதைத் தாண்டியது. அதன் நாலு சிலிண்டர் எஞ்சின் இருமி இருமிப் போன மழைக்காலத்தோடு நின்றுவிட்டது.

"பழைய எஞ்சினையே பிரிச்சு சரி பண்ணிடலாமே, டாக்டர்" என்றார் ஃபிட்டர். எதற்கும் பதறாத மனிதர். அவரைப் பட்டறையில் 'பொறுமை' என்பார்கள்.

"முப்பது வருஷமா அடுத்தவங்க வாய்க்குள்ளயே குனிஞ்சு பார்த்துட்டு இருக்கேன், பொறுமை. காதுல எப்பவும் அந்தச் சின்ன மெஷின் சத்தம். எனக்குன்னு ஒரு பெரிய சத்தம் வேணும்."

"சத்தம் குடுத்துடலாம்" என்றாள் அவள். "ஆனா நிக்கறதுக்கு முதல்ல வழி பண்ணணும். இந்த எஞ்சின் பழசைவிட ரெண்டு ஆள் கனம் கூட. பிரேக்கு பழைய பிரேக்கு."

முதலாளி, "பிரேக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்றார்.

"அப்புறம்னா எப்போ, சார்? சுவத்துல முட்டின பிறகா?"

டாக்டர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. ஆனாலும் அவள் திட்டத்தாளின் முதல் வரியில் பிரேக் என்று எழுதினாள். முன்பக்கக் கனத்தைக் குறைக்க பேட்டரியைப் பின்னால் டிக்கிக்கு மாற்றுவது இரண்டாவது. முன் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவது, ரேடியேட்டரை நாலு விரல் முன்னால் தள்ளுவது என்று அது வளர்ந்துகொண்டே போனது. ஒன்பது வாரம். தினமும் காலையில் வந்து, அட்டை எஞ்சினை இறக்கி, குனிந்து, மல்லாந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அளந்து, மாலையில் எழுந்திருக்க முடியாமல் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

கடைசியில் பெட்ரோல் குழாய் குறுக்கே வந்தது. பழைய குழாய் காரின் இடது ஓரமாகப் போனது. புது எஞ்சினின் புகைக்குழாய் இறங்குவதும் அதே இடம்தான். நெருப்பாகச் சுடும் குழாயையும் பெட்ரோல் குழாயையும் பக்கத்தில் வைக்க முடியாது. இரண்டு நாள் யோசித்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். காரின் நடுவில், இரண்டு சீட்டுக்கும் இடையே கவிழ்த்த வாய்க்கால் மாதிரி ஒரு தகரக் கூடு போகும். டனல் என்பார்கள். அதற்குள்தான் எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்ட் இருக்கிறது. ஷாஃப்டுக்கு மேலே, டனலின் கூரையை ஒட்டிப் பெட்ரோல் குழாயைக் கொண்டுபோய்விட்டால் புகைக்குழாயின் சூடு அண்டாது. விரலை வைத்துப் பார்த்தாள். ஷாஃப்டுக்கும் குழாய்க்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. பொறுமையும் விரலை வைத்துப் பார்த்தார்.

"தாராளமா இருக்குக்கா. குடித்தனமே நடத்தலாம்."

காருக்கு அப்போது சக்கரங்கள் கிடையாது. டாக்டர் அவற்றைப் பளபளப்பாக்கிக் கொண்டுவர அனுப்பியிருந்தார். ஒன்பது வாரமும் கார் நாலு இரும்பு ஸ்டாண்டின் மேல்தான் நின்றது. அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அந்தப் பட்டறையில் எல்லா அளவும் அப்படித்தான் எடுப்பார்கள்.

திட்டத்தாளில் அடியில் மூன்று கட்டங்கள் உண்டு. அளவு எடுத்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர். போக்குவரத்து அலுவலகத்துக்கு அந்த மூன்றிலும் கையெழுத்து வேண்டும். பதினோரு வருஷமாக மூன்றிலும் பட்டறை அமர்த்திய இன்ஜினியர் சார்தான் போட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை வருவார். கேட்டுக்கு வெளியே தன் காரை நிறுத்துவார். இறங்கமாட்டார். ஸ்டியரிங்கின் மேல் தாளை வைத்து மூன்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். படிப்பு பெரிய விஷயம்தான். படிக்க முடியாமல் போனவர்களைக் கேட்டால் அதன் அருமையை மற்றவர்களைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனால் தாளைப் பார்க்காமலே 'சரிபார்த்தவர்' என்று கையெழுத்துப் போடுவதை எந்தக் கல்லூரியில் எந்த வருஷத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது மட்டும் அவளுக்கு விளங்கவில்லை.

அளவு எடுத்தவர் கட்டத்தில் தான் போடுவதாக இரண்டு தடவை கேட்டுவிட்டாள். சட்டப்படி அந்தக் கட்டத்துக்குப் பட்டம் தேவையில்லை. அளந்திருந்தால் போதும்.

"கட்டத்துல யாரு போட்டா என்னம்மா? வேலை நடக்குதுல்ல?" என்றார் முதலாளி.

யார் போட்டாலும் ஒன்றுதான் என்று சொல்பவர்கள், நீ போடு என்று மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

இந்தத் தடவை அவளுக்கு அது கிடைத்தது. நியாயத்தால் அல்ல, சோப்பால். இன்ஜினியர் சார் குளியலறையில் சோப்பை மிதித்து விழுந்து வலதுகையில் கட்டுப் போட்டுக்கொண்டார். வியாழக்கிழமை ஸ்டியரிங்கின் மேல் தாளை வைத்து, விரல்நுனியால் பேனாவைப் பிடித்து, முனகிக்கொண்டே சரிபார்த்தவர் கட்டத்தில் போட்டார். அதற்குமேல் முடியவில்லை.

"மத்த ரெண்டையும் அந்தம்மாவையே போடச் சொல்லுங்க" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவள் கையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து போட்டாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். தூக்கம்தான் வந்தது. பதினோரு வருஷம் கழித்து வருவது வந்து சேரும்போது, வாங்கிக்கொள்ள ஆளுக்குத் தெம்பு இருப்பதில்லை.

தாளில் மூன்று பிரதி எடுத்தார்கள். ஒன்று பட்டறைக்கு. மற்ற இரண்டும் வெளியூர்ப் பட்டறை ஒன்றுக்கு. அங்கே இதே மாதிரிக் கார் இரண்டு நிற்கிறதாம். "நம்ம தாளை வச்சே அவங்களும் மாத்திக்குவாங்க" என்றார் முதலாளி பெருமையாக. வெள்ளி, சனிக்கிழமைகளில் பொறுமை நிஜ எஞ்சினை இறக்கிப் பூட்டினார். கப்பியில் தொங்கிய இரும்பு, அட்டை உட்கார்ந்த இடத்திலேயே எங்கும் இடிக்காமல் போய் உட்கார்ந்தது. பெட்ரோல் குழாயும் டனலுக்குள் போய்விட்டது. திங்கட்கிழமை சக்கரங்கள் வந்துவிடும். அன்றைக்கே முதல் ஓட்டம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மாமனாருக்குப் பைஜாமா தைத்தாள்.

மாமனார் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். போன வருஷம் பக்கவாதத்தில் இடதுபக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் விழவில்லை. நாள் முழுக்கக் கட்டில். மாலையில் மகனும் மருமகளுமாகத் தூக்கி ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்காரவைப்பார்கள். கடையில் வாங்கிய பைஜாமா எதுவும் அவருக்குச் சரியாக இருந்ததில்லை. அதனால் படுத்த நிலையிலேயே அளவெடுத்து அவளே தைத்தாள்.

அவருக்கு அதைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவள் கணவன் மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனான். மாமனார் வலதுகையால் இடுப்புத் துணியை இழுத்துவிட்டுப் பார்த்தார்.

"மருமகளே, இது பைஜாமா இல்ல. தண்டனை."

"எங்க பிடிக்குது, மாமா?"

"சொல்லக்கூடிய இடத்துல பிடிக்கல."

குனிந்து பார்த்தாள். கால்பக்கம் கணுக்காலிலிருந்து ஏறி அரைமுழம் மேலே போயிருந்தது. இடுப்பில் துணி வில்லாக விறைத்திருந்தது.

"அளவு சரியாத்தானே எடுத்தேன். ரெண்டு தடவை எடுத்தேனே."

"படுத்திருக்கும்போது எடுத்த. படுத்திருக்கப்போ எனக்கு எதுக்கும்மா பைஜாமா? ஒரு போர்வை போதும். உட்கார்ந்து தெருவுல நாலு பேரைப் பார்க்கத்தானே இதைப் போட்டுக்கறேன்?"

அவள் கையிலிருந்த ஊசியை மெதுவாகத் தன் சேலைத் தலைப்பில் குத்தினாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, நான் சும்மாதான் சொன்னேன். பிரிச்சுத் தைச்சா சரியாயிடும்."

"வண்டி தொங்கிட்டு இருந்துது, மாமா."

"எந்த வண்டி?"

சொன்னாள். ஸ்டாண்டின் மேல் நிற்கும் காரில் பின்சக்கர அச்சு ஸ்பிரிங்கோடு கீழே தொங்கும். அதோடு சேர்ந்து ஷாஃப்டின் பின்முனையும் தொங்கும். அப்போது பார்த்தால் மேலே நாலு விரல் இடம் இருக்கத்தான் செய்யும். காரைத் தரையில் இறக்கினால் அதன் கனமெல்லாம் அச்சின் மேல் வரும். அச்சு மேலே போகும். ஷாஃப்டும் மேலே போகும். ஆள் உட்கார்ந்தால் இன்னும் மேலே. பள்ளத்தில் விழுந்தால் இன்னும் மேலே. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிற இரும்பு, பெட்ரோல் குழாயைப் போய்த் தொடும்.

மாமனார் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"தாள் அச்சுக்குப் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"எத்தனை பிரதி?"

"மூணு. ரெண்டு வெளியூருக்கு."

"கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"முதல் தடவையா?"

"ஆமா, மாமா."

"நல்லா இருக்கு" என்றார் அவர். சிரிக்க முயன்றார். பாதி வாய்தான் சிரித்தது. பிறகு, "சரிபார்த்தவன்னு ஒருத்தன் இருப்பானே, அவன் என்ன பண்ணான்?" என்றார்.

"கையில கட்டு."

"கண்ணுல இல்லையே?"

அன்று சாயங்காலம் முழுவதும் அவள் பைஜாமாவைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கை அதைச் செய்தது. மனது வேறு எங்கோ நின்றது. முதல் ஓட்டத்துக்கு முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். எஞ்சினைப் பூட்டியவர் ஓட்டவேண்டும், அளவு எடுத்தவர் பக்கத்தில் உட்காரவேண்டும். "அப்பதான் பயந்து வேலை செய்வீங்க" என்பார். பயம் எப்போதும் காருக்குள்ளே இருப்பவர்களுக்குத்தான். கேட்டருகே நிற்கும் முதலாளிக்குக் கிடையாது. தன்னைப் பற்றிக்கூட அவள் அதிகம் நினைக்கவில்லை. பொறுமைக்கு இரண்டு பெண்கள், இன்னும் பள்ளிக்கூடம். வெளியூரில் முகம் தெரியாத யாரோ ஒரு ஃபிட்டர், முகம் தெரியாத அவளுடைய கையெழுத்தை நம்பி நாளைக்கே குழாயைப் பூட்டிக்கொண்டிருப்பான்.

இன்னொன்றையும் நினைத்தாள். அதை மறைப்பதற்கில்லை. சொன்னால், பதினோரு வருஷம் கழித்து வந்த அந்தக் கட்டம் இனி வராது. ஒரே ஒரு தடவை விட்டார்கள், அதிலும் கோட்டை விட்டாள் என்பார்கள். இன்ஜினியர் பதினோரு வருஷத்தில் பார்க்காமல் போட்டதில் எத்தனை தப்பு போயிருக்கும் என்று யாரும் எண்ணமாட்டார்கள்.

திங்கட்கிழமை அவள் போனபோது சக்கரங்கள் வந்திருந்தன. கண்ணாடி மாதிரி மின்னின. பொறுமை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இறக்குங்க" என்றாள். "ஸ்டார்ட் பண்ணாதீங்க. இறக்க மட்டும் செய்ங்க."

ஜாக்கி இறங்கியது. கார் ஒரு பெருமூச்சு விட்டதுபோலத் தரையில் அமர்ந்தது. அவள் பட்டறைத் தரையில் வெட்டியிருந்த பள்ளத்துக்குள் இறங்கி, காரின் அடியில் நின்று, கையை நீட்டி டனலுக்குள் விட்டாள். நாலு விரல் நுழைந்த இடத்தில் ஒரு விரல் நுழைந்தது.

"சார், நீங்களும் பொறுமையும் உள்ள உட்காருங்க."

"எதுக்கும்மா?" என்றார் முதலாளி.

"உட்காருங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, உட்கார்ந்தார். இப்போது விரல் நுழையவில்லை. நகம் மட்டும்தான் நுழைந்தது. அவள் கையை அங்கேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள்.

மேலே வந்து இருவரிடமும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

பொறுமை தன் விரல்களைப் பார்த்தார். "நானும்தானேக்கா விரலை வச்சுப் பார்த்தேன்" என்றார்.

"தாள்ல இருக்கறது என் கையெழுத்து."

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. குழாயை வேற பக்கம் மாத்திடுவோம். டாக்டருக்குத் தெரிய வேணாம். தாள் அது பாட்டுக்கு இருக்கட்டும். அலுவலகத்துல எவன் குனிஞ்சு பார்க்கப்போறான்?"

"வெளியூர்ல ரெண்டு வண்டி இருக்கு, சார்."

"அவங்க பாடு."

"அந்தப் பாடு எழுதி அனுப்பினது நான்."

அவள் தொலைபேசியை எடுத்து வெளியூர்ப் பட்டறையைக் கூப்பிட்டாள். குழாயைத் தொடவேண்டாம், அளவு தப்பு, வண்டி தொங்கும்போது எடுத்துவிட்டேன் என்று சொன்னாள். எதிர்முனையில் ஒருவர், "நாங்க எப்பவுமே அப்படித்தானேம்மா எடுக்கறோம்" என்றார். "இனிமே எடுக்காதீங்க" என்றாள்.

முதலாளி இன்ஜினியரைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"இதுக்குத்தான் நான் யாரையும் விடறதில்ல" என்றது குரல். "புதுசா வரைஞ்சு வைங்க. வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்கறாங்க. மூணு கட்டமும் நானே போட்டுக்கறேன்."

"சரிபார்த்தது நீங்கதானே, சார்?" என்றாள் அவள்.

"கையில கட்டோட எப்படிம்மா சரிபார்க்கறது?"

பொறுமை இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி தொலைபேசியை வைத்துவிட்டார்.

செவ்வாய், புதன், வியாழன். குழாயை டனலிலிருந்து உருவி, புகைக்குழாய் இல்லாத வலது ஓரமாகக் கொண்டுபோனார்கள். அங்கே போன பேட்டரி வயரை இடம் மாற்ற வேண்டியிருந்தது. அதற்குப் புதிதாக நாலு பிடிப்பு வெட்டினாள். ஒவ்வொரு அளவையும் கார் தரையில் நிற்கும்போது ஒரு தடவை, ஸ்டாண்டில் தொங்கும்போது ஒரு தடவை, இரண்டு சீட்டிலும் மணல் மூட்டை ஏற்றி ஒரு தடவை எடுத்தாள். ஒன்றுக்கு மூன்று குனிதல். வியாழன் மாலை அவளால் ஒரு பக்கமாகத்தான் நடக்க முடிந்தது. டாக்டரிடமும் அவளே சொன்னாள். அவர், "நான்கூட ஒரு தடவை பக்கத்துப் பல்லைப் பிடுங்கியிருக்கேன். அந்த ஆள்கிட்ட நான் சொல்லல" என்றார். அது அவளுக்கு ஆறுதலாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை.

புதுத் தாளை வரைந்தாள். 'பழைய தாளில் உள்ள குழாய் அளவு தவறு, அதைப் பயன்படுத்த வேண்டாம்' என்று மேலேயே எழுதினாள். வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வந்தார். கட்டுப் பிரித்த கை வெளுத்து மெலிந்திருந்தது. ஆனால் பேனா பிடிக்க வந்தது. ஸ்டியரிங்கின் மேல் வைத்து மூன்று கட்டத்திலும் போட்டார்.

"சரி, வண்டியை எடுங்க" என்றார் முதலாளி. பொறுமை உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். டாக்டர் கேட்ட பெரிய சத்தம் பட்டறைத் தகரத்தையெல்லாம் அதிரவைத்தது. டாக்டர் சின்னப் பையன் மாதிரி வாயைத் திறந்து நின்றார்.

"உட்காரும்மா" என்றார் முதலாளி.

அவள் நகரவில்லை. "யாரு உட்காரணும், சார்?"

"என்ன புதுசா கேக்கற? அளவு எடுத்தவங்க உட்காரணும்."

"அளவு எடுத்தவர் அங்க இருக்கார்" என்று கேட்டுக்கு வெளியே நின்ற காரைக் காட்டினாள். "தாள்ல பாருங்க. அவரைக் கூப்பிடுங்க."

முதலாளி பல்லைக் கடித்தார். "விளையாடாதம்மா. டாக்டர் நிக்கறார்."

"நான் விளையாடல. விளையாடறதுக்கு எனக்கு உடம்புல தெம்பு இல்ல. தப்பு அளவுக்கு என் கையெழுத்து. சரியான அளவுக்கு அவர் கையெழுத்து. அப்ப சரியான வண்டியில அவரே உட்காரட்டும். என்ன பயம்?"

டாக்டருக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு அவரே நடந்துபோய் இன்ஜினியரின் கண்ணாடியைத் தட்டினார். "சார், வாங்களேன். ஒரு ரவுண்டு."

இன்ஜினியர் காரைப் பார்த்தார். முழங்கால் உயரக் கதவைப் பார்த்தார். உறுமுகிற பானெட்டைப் பார்த்தார். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாத மனிதருக்கு அந்த நேரத்தில் வரவேண்டிய பயம் வந்தது.

"எனக்குக் கழுத்து வலி, டாக்டர். குனிஞ்சு உட்காரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப அளந்ததும் நீங்க இல்லதானே?"

இன்ஜினியர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். முதலாளி மேஜைக்குப் போய்த் தாளின் கையெழுத்துப் போடாத பிரதி ஒன்றை எடுத்துவந்தார். அவளைப் பார்க்காமல் நீட்டினார். "போட்டுத் தொலை. மத்ததை அவர் போடட்டும்."

பானெட்டின் மேல் வைத்து எழுத முடியாது, அதிர்ந்தது. சுவரில் வைத்துப் போட்டாள். கையில் கிரீஸ் இருந்தது. ஓரத்தில் கட்டைவிரல் அடையாளம் விழுந்துவிட்டது. இந்தத் தடவை கழுவப் போகவில்லை.

உட்கார்ந்தாள். முழங்கால் மடங்கும்போது சத்தம் போட்டது. பொறுமை கேட்டைத் தாண்டி வண்டியை மெதுவாக விட்டார். தெருமுனையில் திரும்பி, நேர்ச்சாலையில் கொஞ்சம் அழுத்தி, முன்னால் வந்த வேகத்தடையில் குறைக்காமல் ஏற்றி இறக்கினார். வண்டி பின்னால் உட்கார்ந்து எழுந்தது. அவள் டனலின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். ஒன்றும் உரசவில்லை.

"அக்கா, மூச்சு விடுங்க."

"ஓரமா நிறுத்துங்க."

இறங்கி, சாலையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். காலையில் ஷாஃப்டின் மேலும் டனலுக்குள்ளும் வெள்ளைச் சாயம் பூசியிருந்தாள். எங்காவது தொட்டிருந்தால் அழிந்திருக்கும். அழியவில்லை. கையை ஊன்றிக்கொண்டு எழுந்து, முதுகிலிருந்த மண்ணைத் தட்டினாள். கண் இரண்டும் எரிந்தன. ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

"நல்லா இருக்குல்ல? போலாமா?" என்றார் பொறுமை.

"டேங்குல எவ்வளவு பெட்ரோல் இருக்கு?"

"கால்வாசி."

"முழுசா நிரப்புங்க. அந்தக் கனத்தோட இன்னொரு தடவை ஏத்திப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே உட்கார்ந்தாள்.